வேரைப் பிடித்தால் சொல் வரும்: சொற்பிறப்பின் வழியே ஸ்பானியம் கற்கும் முறை

மேசை, அலமாரி, பொத்தான், துவாலை, சாவி ஆகிய சொற்கள் போர்த்துக்கீசியரோடு தமிழுக்கு வந்தவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் லத்தீனிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள் என்பதால், ஸ்பானியம் கற்கத் தொடங்குபவர் தமக்கு முன்பே அறிமுகமான முகங்கள் சிலவற்றை அங்கே காண்கிறார்: மேசை ஸ்பானியத்தில் மேசா, அலமாரி அர்மாரியோ, பொத்தான் போத்தோன், துவாலை தோஆயா. சாவி மட்டும் ஒட்டாமல் நிற்கிறது; ஸ்பானியத்தில் அது யாவே.

ஒட்டாத இந்த ஒரு சொல்லில்தான் சொற்பிறப்பின் பயன் தெரிகிறது. லத்தீனில் சாவிக்குக் கிளாவிஸ் என்று பெயர். சொல்லின் முதலில் வந்த 'க்ள', 'ப்ள', 'ஃப்ள' ஆகிய கூட்டொலிகள், மக்கள் வாயில் புழங்கிய சொற்களில், போர்த்துக்கீசியத்தில் சகரமாகவும் ஸ்பானியத்தில் இரட்டை 'எல்' இட்டு எழுதி இன்று பெரும்பாலும் யகரம் போல ஒலிக்கும் ஒலியாகவும் மாறின. போர்த்துக்கீசிய வடிவம் தமிழில் சாவி ஆயிற்று. அதே வேர் ஸ்பானியத்தில் யாவே ஆயிற்று. இந்த மாற்றம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. மழையைக் குறித்த ப்ளுவியா யுவியா ஆனது. நிறைந்தது எனப் பொருள்படும் ப்ளேனுஸ் யேனோ ஆனது. சுடர் எனும் ஃப்ளாம்மா யாமா ஆனது. அழுதல் எனும் ப்ளோராரே யோரார் ஆனது. கூவுதல் எனும் கிளாமாரே, அழைத்தல் என்ற பொருளில் யாமார் ஆனது. சாவியும் யாவேயும் ஏன் ஒன்று என்பதை விளங்கிக்கொண்டவருக்கு இந்த ஐந்து சொற்களும் அதிக உழைப்பின்றிக் கிடைக்கின்றன.

சொற்பிறப்பைக் கொண்டு மொழி கற்பது என்றவுடன் பலரும் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் இருக்கும் கதையைத் தேடிப் போகிறார்கள். கதைகள் சுவையானவைதான்; ஆனால் ஒரு கதை ஒரு சொல்லுக்கே உதவும், ஓர் ஒலிமாற்ற விதியோ அதற்கு உட்பட்ட எல்லாச் சொற்களுக்கும் உதவும். ஆகவே விதிக்கு முதலிடமும் கதைக்கு இரண்டாம் இடமும் தருவதே நல்லது என்பது என் கருத்து. தமிழ் அறிந்தவருக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. லத்தீன் ஸ்பானியமாக மாறியபோது நிகழ்ந்த மாற்றங்களில் சில, நம் பேச்சிலும் நம் உறவு மொழிகளிலும் நாம் நாள்தோறும் கேட்பவை.

இக்கட்டுரையில் ஸ்பானியச் சொற்களை ஒலிப்பை ஒட்டித் தமிழெழுத்தில் தந்துள்ளேன். எழுத்துக்கூட்டல் தெரியாமல் வேர் பிடிபடாது என்பதால், ஒவ்வொன்றையும் அகராதியில் ஸ்பானிய எழுத்தில் ஒரு முறை பார்த்து எழுதிக்கொள்வது அவசியம்.

ஏட்டுச் சொல்லும் வாய்ச்சொல்லும்

தமிழ் இலக்கணம் வடசொற்களைத் தற்சமம், தற்பவம் என இரண்டாகப் பிரிக்கிறது. கமலம் என்பது மாறாமல் வந்த தற்சமம். பங்கயம் என்பது பங்கஜம் நம் ஒலிக்கு ஏற்பத் திரிந்த தற்பவம். ஸ்பானியத்தில் உள்ள லத்தீன் சொற்களையும் இதே கண்ணால் பார்க்கலாம். வீட்டிலும் வயலிலும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்த சொற்கள் நன்றாகத் தேய்ந்து உருமாறியிருக்கின்றன. பிற்காலத்தில் அறிஞர்களும் சமயத்தாரும் வழக்கறிஞர்களும் லத்தீன் ஏடுகளிலிருந்து நேரடியாக எடுத்த சொற்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. சில வேளைகளில் ஒரே சொல் இரு வழியிலும் வந்து இரண்டு பொருளோடு வாழ்கிறது. கிளாவிஸ் என்பதிலிருந்து வாய்வழியாக வந்தது சாவி எனும் யாவே. ஏட்டுவழியாக வந்தது குறியீடு, கடவுச்சொல் என்ற பொருளில் வழங்கும் கிளாவே. காரணம் எனும் கௌசா ஏட்டுச் சொல். பொருள், விஷயம் எனும் கோசா அதே சொல்லின் தேய்ந்த வடிவம். மென்மையான எனும் தெலிகாதோவும் ஒல்லியான எனும் தெல்காதோவும் ஒரே தாயின் பிள்ளைகள்.

இந்தப் பிரிவினை கற்பவருக்கு ஏன் முக்கியம்? ஆங்கிலம் லத்தீனிலிருந்து பெற்றவற்றில் பெரும்பங்கு ஏட்டுச் சொற்கள். நம்மில் பலருக்கும் அந்த ஆங்கிலச் சொற்கள் தெரியும். ஆகவே ஸ்பானிய ஏட்டுச் சொற்களை நேரடியாகவும், வாய்ச்சொற்களை ஒலிமாற்ற விதி என்னும் ஒரு படி கடந்தும் அடையாளம் காண முடியும்.

ஏட்டுச் சொற்களில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஈறுகளை மாற்றினால் போதும். ஆங்கிலத்தின் 'ஷன்' ஸ்பானியத்தில் 'சியோன்' ஆகும்: நேஷன் நாசியோன், இன்ஃபர்மேஷன் இன்ஃபோர்மாசியோன். 'இட்டி' என முடிவது 'இதாத்' ஆகும்: யுனிவர்சிட்டி உனிவெர்சிதாத். 'அஸ்' என முடியும் பெயரடை 'ஓசோ' ஆகும்: ஃபேமஸ் ஃபாமோசோ. இந்த ஈறுகள் பாலையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. சியோன், தாத் என முடியும் இத்தகைய பெயர்ச்சொற்கள் பெண்பால். கிரேக்கத்திலிருந்து வந்து 'மா' என முடியும் புரோப்ளேமா, சிஸ்தேமா, கிளீமா, இதியோமா போன்றவை அகர ஈறு பெற்றிருந்தும் ஆண்பாலாக இருப்பதற்கும் அவற்றின் பிறப்பே காரணம். கிரேக்கத்தில் அவை பெண்பால் அல்ல, அலிப்பால். வினையடை ஆக்கும் 'மென்த்தே' என்ற ஈறு, லத்தீனில் 'மனத்தோடு' எனப் பொருள்பட்ட தனிச்சொல். லென்த்தாமென்த்தே என்றால் 'மெதுவான மனத்தோடு', அதாவது மெதுவாக. மனத்தைக் குறித்த அந்தச் சொல் பெண்பால் என்பதால்தான், இன்றும் அதற்கு முன் வரும் பெயரடை பெண்பால் வடிவில் நிற்கிறது.

நம் காதுக்குப் பழகிய மாற்றங்கள்

உயிர்களுக்கு நடுவே வரும் வல்லினத்தை மெலிதாக ஒலிப்பது தமிழருக்கு யாரும் கற்பிக்காமலே வருவது. 'கடை'யில் வரும் ககரம் ஒரு விதம், 'பகை'யில் வரும் ககரம் வேறு விதம். லத்தீன் ஸ்பானியமானபோது நடந்ததும் இதுவே. வாழ்வைக் குறித்த வீத்தா வீதா ஆனது, நண்பனைக் குறித்த அமீக்குஸ் அமீகோ ஆனது, ஓநாயைக் குறித்த லூப்புஸ் லோபோ ஆனது, உறுதியான எனும் செக்கூருஸ் செகூரோ ஆனது. வன்மையைக் காட்டவே லத்தீன் வடிவங்களில் இங்கு ஒற்றை இரட்டித்து எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே லத்தீனில் இரட்டித்து நின்ற வல்லினம் ஸ்பானியத்தில் மெலியவில்லை. குப்பா என்பது கோப்பா என வன்மையோடே நிற்கிறது. தமிழிலும் இரட்டித்த வல்லினம் மெலிவதில்லை அல்லவா? ஆகவே ஸ்பானியச் சொல்லின் நடுவே மெல்லிய 'ப', 'த', 'க' வந்தால், அவற்றை வன்மையாக்கி ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். வீதாவுக்கு வைட்டல், செகூரோவுக்கு செக்யூர் எனக் கண்முன் வந்து நிற்கும்.

சகர மெய்யோடு வேறொரு மெய் சேர்ந்து சொல்லின் முதலில் வருவதைத் தமிழ் நாக்கு விரும்புவதில்லை. ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது, ஸ்டேஷன் இஸ்டேஷன் ஆகிறது. ஸ்பானிய நாக்கும் அப்படியே, இகரத்துக்குப் பதில் எகரத்தைச் சேர்க்கிறது: எஸ்குவேலா, எஸ்தாசியோன், எஸ்த்ரேயா (விண்மீன்), எஸ்பிரித்து. இந்த எகரத்தைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதே இங்கு முழு வித்தை.

'படித்து' என எழுதிப் 'படிச்சு' எனப் பேசுகிறோம். முன்னால் உள்ள இகரத்தின் சாயல் தகரத்தைச் சகரமாக்கிவிடுகிறது. லத்தீனின் 'க்த்' என்ற கூட்டில் ககரம் முதலில் யகரச் சாயல் பெற்றது, பிறகு அந்தச் சாயல் தகரத்தைச் சகரமாக்கியது. இரவைக் குறிக்கும் நோக்தெம் போர்த்துக்கீசியத்தில் நோய்தே என நடுவழியில் நிற்கிறது; ஸ்பானியத்தில் நோச்சே என முடிந்துவிட்டது. எட்டு எனும் ஒக்தோ ஓச்சோ ஆனது, கூரை எனும் தெக்தும் தேச்சோ ஆனது. முன்னால் அகரம் இருந்தால் அதுவும் எகரமாகும்: பால் எனும் லாக்தெம் லேச்சே ஆனது. நாக்டர்னல், அக்டோபர், லாக்டோஸ் ஆகிய சொற்களை அறிந்தவர் இவற்றை மறக்க இடமில்லை.

தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி. உதட்டொலி ஒன்று ஹகரமாகத் தேயும் இதே போக்கு, லத்தீனின் ஃபகரத்துக்கு ஸ்பானியத்தில் நேர்ந்தது. அங்கு ஹகரமும் பின்னர் பேச்சில் மறைந்து எழுத்தில் மட்டும் ஊமையாக எஞ்சியது. ஆகவே ஸ்பானியச் சொல் ஊமை ஹகரத்தில் தொடங்கினால் அங்கே ஃபகரத்தை வைத்துப் பாருங்கள். இயெர்ரோ ஃபெர்ரும் ஆகும். வேதியியலில் இரும்பின் குறியீடு அதிலிருந்து வந்ததே. ஓர்மிகா என்ற எறும்பு, ஃபார்மிக் அமிலத்துக்குப் பெயர் கொடுத்த ஃபோர்மிக்கா. அம்ப்ரே என்ற பசி ஃபேமின் என்ற பஞ்சத்தோடு சேரும். ஊமோ என்ற புகை ஃபியூம் என்பதோடு சேரும். அசேர் என்ற 'செய்தல்' ஃபேக்டரியோடு சேரும். எல்லா ஊமை ஹகரமும் இப்படி வந்ததல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: மனிதன் எனும் ஓம்ப்ரே, மணி நேரம் எனும் ஓரா ஆகியவற்றில் உள்ளது லத்தீனிலேயே இருந்த ஹகரம், முட்டை எனும் உவேவோவில் உள்ளது வெறும் எழுத்து மரபு.

உயிர் பிளக்கும் இடம்

ஒரே ஒரு விதிக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நான் இதைத்தான் தருவேன். லத்தீனின் குறில் ஒகரம் அழுத்தம் விழும் அசையில் 'உவெ' எனவும், குறில் எகரம் 'இயெ' எனவும் ஸ்பானியத்தில் பிளந்தன. கதவு எனும் போர்ட்டா புவெர்த்தா ஆனது, சாவு எனும் மோர்தெம் முவெர்த்தே ஆனது, உடல் எனும் கோர்ப்புஸ் குவெர்ப்போ ஆனது, புதிய எனும் நோவுஸ் நுவேவோ ஆனது. நிலம் எனும் தெர்ரா தியெர்ரா, காலம் எனும் தெம்புஸ் தியெம்போ, பல் எனும் தெந்தெம் தியெந்தே, காற்று எனும் வெந்துஸ் வியெந்தோ. நெடிலாக இருந்த உயிர் பிளக்கவில்லை. மேலே கண்ட ஓரா அதற்குச் சான்று.

விதியில் உள்ள 'அழுத்தம் விழும் அசையில்' என்ற நிபந்தனைதான் இதன் உயிர்நாடி. சொல்லோடு ஈறு சேர்ந்து அழுத்தம் வேறு அசைக்கு நகர்ந்தால், பிளந்த உயிர் மீண்டும் ஒன்றாகக் காட்சி தரும். புவெர்த்தாவைக் காப்பவர் போர்த்தேரோ. தியெந்தேவுக்கு மருத்துவர் தெந்திஸ்தா. சியெத்தே ஏழு, செத்தேந்தா எழுபது. நுவேவே ஒன்பது, நோவேந்தா தொண்ணூறு. காற்று வியெந்தோ, காற்று வரும் சன்னல் வெந்தானா. சிலப்பதிகாரம் சாளரத்தைக் காலதர் என்று சொல்வது இங்கு நினைவுக்கு வரும். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. இலக்கண நூல்கள் தனிப்பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பல வினைகளும் இதே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவையே. போதேர் என்றால் இயலுதல். 'என்னால் இயலும்' என்பதில் அழுத்தம் வேரில் விழுவதால் புவேதோ, 'எங்களால் இயலும்' என்பதில் அழுத்தம் ஈற்றுக்கு நகர்வதால் போதேமோஸ். தோர்மிர் என்ற உறங்குதலும் அப்படியே: துவெர்மோ, தோர்மீமோஸ். பட்டியலாகப் பார்த்தால் அச்சமூட்டும் இவ்வடிவங்கள், காரணம் தெரிந்தால் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

இனி விதிகளை இணைத்துப் பார்க்கலாம். அடுப்பைக் குறித்த லத்தீன் சொல் ஃபோக்குஸ். அழுத்தம் பெற்ற ஒகரம் பிளக்கிறது, நடுவில் உள்ள ககரம் மெலிகிறது: ஃபுவேகோ, நெருப்பு. 'உவெ' முன் நிற்கும் ஃபகரம் தேயாது என்பதால் இங்கு அது நிலைத்துவிட்டது. அதே ஃபோக்குஸிலிருந்து பிறந்த மற்றொரு சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. எனவே உயிர் பிளக்கவில்லை, ஃபகரமும் தேய்ந்தது: ஓகார், இல்லம். லாக்தூக்கா என்ற லெட்யூஸ் கீரையில் 'க்த்' சகரமாகவும், அதன் முன் உள்ள அகரம் எகரமாகவும், அடுத்த ககரம் மெலிந்தும் மாறி லெச்சுகா ஆயிற்று. கீரையின் தண்டில் பால் வடிவதால் வந்த பெயர் அது. ஃபக்தும் என்பதை நீங்களே மாற்றிப் பாருங்கள். ஃபகரம் ஊமையாகும், அகரம் எகரமாகும், 'க்த்' சகரமாகும்: எச்சோ, செய்யப்பட்டது, நடந்த உண்மை.

மற்றொரு மாற்றத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். லத்தீனின் 'லிய', 'குல' போன்ற கூட்டுகள் ஸ்பானியத்தில் தொண்டையிலிருந்து வரும் ஹகரமாகின: மகன் எனும் ஃபிலியுஸ் இஹோ, இலை எனும் ஃபோலியா ஓஹா, கண் எனும் ஒக்குலுஸ் ஓஹோ, காது எனும் அவுரிக்குலா ஓரேஹா, கண்ணாடி எனும் ஸ்பெக்குலும் எஸ்பேஹோ.

வினைக் குடும்பங்கள்

ஆங்கிலத்தில் 'டெய்ன்' என முடியும் வினைகள் ஸ்பானியத்தில் 'வைத்திருத்தல்' எனும் தெனேரின் கிளைகள்: மெயின்டெய்ன் மான்தெனேர், அப்டெய்ன் ஒப்தெனேர், கன்டெய்ன் கோன்தெனேர், டிடெய்ன் தெதெனேர். 'போஸ்' என முடிபவை 'வைத்தல், இடுதல்' எனும் போனேரின் கிளைகள்: ப்ரபோஸ் ப்ரோபோனேர், இம்போஸ் இம்போனேர், எக்ஸ்போஸ் எக்ஸ்போனேர், சப்போஸ் சுபோனேர். பொருளைக் கண்டுகொள்வது மட்டும் இதன் பயன் அன்று. தெனேருக்குத் 'தெங்கோ' என்றால் மான்தெனேருக்கு 'மான்தெங்கோ'; போனேருக்குப் 'போங்கோ' என்றால் ப்ரோபோனேருக்கு 'ப்ரோபோங்கோ'; இறந்தகாலத்தின் 'தூவே', 'பூசே' என்ற வடிவங்களும் அப்படியே தொடர்கின்றன. இரண்டு வினைகளை முழுமையாகக் கற்றால் ஒரு பட்டாளமே பின்தொடர்கிறது.

லத்தீனுக்கு வெளியே

ஐபீரியத் தீபகற்பத்தில் 711ஆம் ஆண்டு தொடங்கிய இசுலாமிய ஆட்சி, 1492இல் கிரனாதா வீழும் வரை ஏதோ ஒரு பகுதியில் நீடித்தது. அந்நூற்றாண்டுகளில் புகுந்த அரபுச் சொற்களில் பல, 'அல்' என்ற அரபுச் சுட்டையும் ஒட்டிக்கொண்டு வந்தன: அல்கோதோன் பருத்தி, அல்மோஆதா தலையணை, அல்மாசேன் கிடங்கு. நகரத் தலைவரைக் குறிக்கும் அல்கால்தே நாம் அறிந்த காஜியேதான். சுங்கச்சாவடியைக் குறிக்கும் அதுவானா நாம் அறிந்த திவான். அரபியில் 'அல்' என்பதன் லகரம் சில மெய்களுக்கு முன் அம்மெய்யாகவே திரியும். நம் புணர்ச்சியை அறிந்தவருக்கு இது வியப்பாக இராது. எனவேதான் அசூகார் (சர்க்கரை), அர்ரோஸ் (அரிசி), அசெய்தே (எண்ணெய்) ஆகியவற்றில் லகரம் தெரிவதில்லை. அசூகார், சர்க்கரை இரண்டும் சமஸ்கிருதத்தின் சர்க்கராவுக்கே திரும்புகின்றன.

அமெரிக்கக் கண்டத்துச் சொற்களின் பிறப்பை அறிவது வேறு விதத்தில் உதவும். ஒரு பொருளுக்கு நாட்டுக்கு நாடு ஏன் பெயர் மாறுகிறது என்பதை அது விளக்கும். வெண்ணெய்ப்பழத்தை மெக்சிகோவில் நாவாட்டில் மொழி வழியே அகுவகாத்தே என்பார்கள். பெருவிலும் சிலியிலும் கெச்சுவா மொழி வழியே பால்த்தா என்பார்கள்.

கிழமைப் பெயர்களுக்கு விதி எதுவும் தேவையில்லை. லூனா எனும் நிலவின் நாள் லூனெஸ், நம் திங்கள். மார்த்தெஸ் செவ்வாய், மியெர்கோலெஸ் புதன், ஹுவேவெஸ் வியாழன், வியெர்னெஸ் வெள்ளி. எல்லாம் அதே கோள்கள், அதே வரிசை. வார இறுதியின் இரண்டு நாள்கள் மட்டும் சமயத்திலிருந்து வந்தவை: சாபாதோ யூதரின் ஓய்வு நாள், தொமிங்கோ ஆண்டவரின் நாள்.

ஏமாற்றும் ஒற்றுமைகள்

வேர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. எக்சித்தோ வெளியேறும் வழியன்று, வெற்றி; வெளியேறுதல், முடிவு, நல்ல முடிவு எனப் பொருள் நகர்ந்திருக்கிறது. லார்கோ பெரியதன்று, நீளமானது. லிப்ரெரீயா நூலகமன்று, புத்தகக் கடை, நூலகம் பிப்லியோதேகா. எம்பாராசாதா என்பவர் வெட்கப்படுபவர் அல்லர், கருவுற்றிருப்பவர். கோன்ஸ்திபாதோ என்றால் பொதுவாகச் சளி பிடித்தவர். இறுகி அடைத்தல் என்ற வேர்ப்பொருளை ஸ்பானியம் மூக்குக்கு வைத்துக்கொண்டது, ஆங்கிலம் குடலுக்கு. இத்தகைய சொற்களில் பொருள் பிரிந்த இடத்தைத் தெரிந்துகொள்வது, தடையாக இருப்பதையே பிடிமானமாக மாற்றும்.

இதைவிட நுட்பமான பொறி, உறவே இல்லாத ஒற்றுமை. முச்சோவும் ஆங்கில மச்சும் உறவல்ல. முச்சோ லத்தீனின் முல்தும் என்பதிலிருந்து வந்தது, மச் ஜெர்மானியச் சொல். தீயாவும் டேயும் உறவல்ல. அபேரும் ஹேவும் உறவல்ல. ஓசை ஒத்திருப்பது சான்றாகாது. விதிப்படி மாறியிருப்பதே சான்று. இணையத்தில் உலவும் சொற்பிறப்புக் கதைகளை நம்புமுன், ஸ்பானிய அரச கழகத்தின் இணைய அகராதியைத் திறந்து பார்ப்பது நல்லது. 1713இல் நிறுவப்பட்ட அந்தக் கழகத்தின் அகராதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. மிகப் பல சொற்களுக்குப் பொருளுக்கு முன்பாகவே மூலமொழியும் மூலவடிவமும் சுருக்கமாகத் தரப்பட்டிருக்கும்.

குறிப்பேடு

அகர வரிசையில் எழுதாமல் வேர் வரிசையில் எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பில் தெம்புஸ் என்ற லத்தீன் வேர் இருக்கட்டும். அதன் கீழ் முதலில் தேய்ந்த சொல்: தியெம்போ, காலம், வானிலைக்கும் அதே சொல்தான். அடுத்து அழுத்தம் நகர்ந்ததால் பிளக்காதவை: தெம்ப்ரானோ, சீக்கிரமாக, தெம்போராதா, பருவகாலம், தெம்பெஸ்தாத், புயல். பிறகு ஏட்டுச் சொல்: கோன்தெம்போரானேயோ, சமகாலத்தவர். பக்கத்தின் ஓரத்தில் டெம்பரரி, கன்டெம்பரரி என அறிந்த ஆங்கில உறவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு ஸ்பானிய வாக்கியம் எழுதுவதை விட்டுவிடக் கூடாது. வேர் ஒரு சொல்லை அடையாளம் காட்டுமே தவிர, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதை வாக்கியம்தான் காட்டும்.

வாரத்துக்கு ஒரு விதி போதும். அந்த வாரம் படிக்கும் செய்தியிலோ கதையிலோ அவ்விதிக்கு உட்பட்ட சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, வேரை ஊகித்து எழுதி, பிறகு அகராதியில் சரிபார்க்கலாம். எதிர்த்திசையிலும் பழக வேண்டும்: அறிந்த ஆங்கில ஏட்டுச் சொல் ஒன்றை எடுத்து, விதிகளைப் பொருத்தி, ஸ்பானிய வடிவம் எப்படி இருக்கும் என ஊகிப்பது. சரிபார்க்காத ஊகத்தைக் குறிப்பேட்டில் ஏற்றாமல் இருப்பது நல்லது, ஏனெனில் ஒரு முறை எழுதிய தவறான வடிவம் எளிதில் அழியாது.

சில சொற்களில் இம்முறைக்கு வேலையே இல்லை. நாயைக் குறிக்கும் பெர்ரோவின் பிறப்பு அறிஞர்களுக்கே தெளிவாகவில்லை. இடப்பக்கத்தைக் குறிக்கும் இஸ்கியெர்தா பாஸ்க் மொழியோடு தொடர்புடையது, கைகொடுக்கும் உறவுச் சொல் ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. முன்னிடைச்சொற்களும் பிரதிப்பெயர்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் வருவதால் வேர் தேடும் முன்பே மனத்தில் பதிந்துவிடும். அவற்றைப் படித்தும் பேசியும் பழகுவதே வழி. வேர் தேடும் நேரத்தை, விதி பலிக்கும் சொற்களுக்கு ஒதுக்கிவிடலாம்.